குகைக்குள் நின்ற கார்

பையர் ஆடிட் வருகிறது என்றால் அருள்புரத்துப் பனியன் கம்பெனிகளுக்குக் கல்யாணக் களை வந்துவிடும். கக்கூஸுக்கு வெள்ளையடிப்பார்கள். கதவில்லாமல் கிடந்த முதலுதவிப் பெட்டிக்குக் கதவு வரும், அதற்குள் மருந்தும் வரும். தீயணைக்கும் சிவப்பு உருளைகளின் மேல் காய்ந்துகொண்டிருந்த துண்டுகள் காணாமல் போகும். இங்கே தைக்கிற பனியன்களை வாங்கி விற்கும் வெளிநாட்டுக் கடைக்காரர்கள், தைக்கிறவர்களை மனுசராக நடத்துகிறார்களா என்று பார்த்துவர ஓர் ஆளை அனுப்புவார்கள். எந்தத் தேதியில் வருவார் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். திருட்டைப் பிடிக்க வருகிற போலீஸ் முதல்நாளே ஆள் விட்டுச் சொல்லி அனுப்புகிற மாதிரியான மரியாதை அது.

இரண்டாயிரத்து ஆறாம் வருஷம் அந்த மரியாதைக்காரர்கள் புதிதாக ஒன்று கேட்டார்கள். ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கும் பெண்களுக்குப் பொழுதுபோக்கு அறை இருக்கிறதா என்றார்கள். இல்லாமல் என்ன? மேனேஜர் லிங்கசாமி பழைய லேபிள் பெட்டிகள் அடுக்கியிருந்த ஓர் அறையைக் காலி செய்யச் சொன்னார். ஒரு டிவி வந்தது, கேரம் போர்டு வந்தது. ஆபீஸில் கழித்துப் போட்ட கம்ப்யூட்டர் ஒன்றும் வந்தது. அறைக்குப் பெயர்ப்பலகை மாட்டி, பூட்டுப் போட்டு, சாவியைத் தன் இடுப்பில் சொருகிக்கொண்டார்.

வேல்விழி அந்த அறைக்குள் வந்து சேர்ந்தது அவள் பிளஸ் டூ படித்திருந்ததால். சங்கரன்கோவில் பக்கத்துப் பிள்ளை. மூன்று வருஷ ஒப்பந்தத்தில் ஹாஸ்டலுக்கு வந்தவள். ஓவர்லாக் மெஷினில் தைத்துக்கொண்டிருந்து, பிறகு செக்கிங்குக்கு மாறியவள். லிங்கசாமி அவளைக் கூப்பிட்டு, அவருடைய வழக்கமான மரியாதையோடு சொன்னார்.

"கண்ணு, ஆடிட்டு வார அன்னைக்கு நீதான் கம்ப்யூட்டர்ல வெளையாடோணும். தெனமும் வெளையாடறேனுங்கன்னு சொல்லோணும். பாத்தா பழகுன கை மாதிரி இருக்கோணும். அதுக்காவ இனிச் சாப்பாட்டு டைம் முடிஞ்சு தெனம் ஒரு மணி நேரம் கன்னையங்கிட்டப் பழகிக்கோ."

கன்னையன் கம்பெனியின் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். பல்லடம் பக்கத்துக் கிராமத்துக்காரன். மெஷினோடு பேசும்போதுகூட மரியாதை குறையாது. "அட, ஓடுங்களேன்" என்பான் அதனிடம். அவனுக்கும் ஒரு தலைவலி வந்து சேர்ந்திருந்தது. கம்பெனிக் கம்ப்யூட்டர்களில் இருந்த விண்டோஸ் எல்லாம் கள்ளக் காப்பி. பக்கத்துக் கம்பெனி ஆடிட்டில் அதையே ஒரு குறையாக எழுதிவிட்டார்களாம். அதனால் ஆடிட்டர் பார்க்கப்போகும் இந்த ஒரு கம்ப்யூட்டரிலாவது காசும் ஆகாமல் கள்ளத்தனமும் இல்லாமல் எதையாவது போடு என்று லிங்கசாமி சொல்லிவிட்டார். கன்னையன் ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த சி.டி.யிலிருந்து, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸைப் போட்டான். அதை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம் என்று அந்தப் பத்திரிகையில் எழுதியிருந்தது. அந்த 'யார் வேண்டுமானாலும்' என்பதில் கன்னையன் சேர்த்தி இல்லை என்பது சீக்கிரமே தெரிந்துபோயிற்று.

அதில் சும்மா வந்த விளையாட்டுகளில் சீட்டாட்டம் நன்றாக ஓடியது. ஆனால் லிங்கசாமி எட்டிப் பார்த்துவிட்டு, "ஏப்பா, ஹாஸ்டல் புள்ளைக சீட்டு வெளையாடுதுன்னு எழுதீட்டுப் போயிருவானுங்க, வேற போடு" என்றார். வேறு என்றால் ஒரு கார் விளையாட்டு இருந்தது. மலைப்பாதையில் ஒரு மஞ்சள் கார் இறங்கிவர வேண்டும். அந்த விளையாட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றப் போனால், இன்னொன்று வேண்டும் என்று அது கேட்டது. அந்த இன்னொன்றைத் தேடிப் பிடித்து ஏற்றினால், அதற்கு வேறொன்று தேவைப்பட்டது. ஒருவழியாக எல்லாவற்றையும் ஏற்றி முடித்த அன்று திரை கறுத்து, வெள்ளை எழுத்தில் ஏதோ திட்டிவிட்டு நின்றுபோனது. அடுத்த நாள் படம் வந்தது, சத்தம் வரவில்லை. சத்தம் வந்த அன்று, அம்புக்குறிப் பொத்தான்கள் வேலை செய்யவில்லை. எல்லாம் கூடிவந்த ஒரு நாளில் கார் நகர்ந்தது. அதுவும் கல்யாண ஆல்பத்தைப் புரட்டுகிற மாதிரி, ஒவ்வொரு படமாக. வளைவு ஒரு படத்தில் தூரத்தில் இருக்கும். அடுத்த படத்தில் கார் பள்ளத்தில் கிடக்கும்.

"இது விண்டோஸ்ல பறக்குமுங்க அம்மிணி" என்றான் கன்னையன், தன் குழந்தைக்காக மன்னிப்புக் கேட்கிறவன்போல. "இதுல டிரைவர் சேர மாட்டீங்குது."

"காருக்கு டிரைவர் நான்தான அண்ணே?"

"அந்த டிரைவர் இல்லீங்க. உள்ளார ஒண்ணு இருக்குதுங்க, படத்த இழுத்துட்டு வாரதுக்கு."

பொறுமையாக, மெதுவாக, இரண்டு வளைவு தாண்டினால் ஒரு குகை வரும். குகைக்குள் கார் நுழைந்ததும் எல்லாம் அப்படியே உறைந்துவிடும். எந்தப் பொத்தானை அமுக்கினாலும் அசையாது. கம்ப்யூட்டரையே அணைத்து மறுபடி போட வேண்டும். அது முனகிக்கொண்டே எழுந்து வருவதற்குள் அந்த ஒரு மணி நேரத்தில் பாதி போய்விடும். வேல்விழிக்கு அழுகை வரும். இத்தனைக்கும் அவள் அந்தக் காரை விரும்ப ஆரம்பித்திருந்தாள். குகைக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கும் என்று செக்கிங் டேபிளில் நின்றுகொண்டு யோசிப்பாள். ஹாஸ்டலுக்கும் கம்பெனிக்கும் நடுவே ஒரு மதில்சுவரும் ஒரு கேட்டும்தான். வந்ததிலிருந்து அதைத் தாண்டி அவள் எதையும் பார்த்ததில்லை.

இதற்கு நடுவில்தான் அனுசுயா படுத்தாள்.

அனுசுயா அவளுடைய ஊர்க்காரி, அடுத்த தெரு. ஒரே பஸ்ஸில் ஒரே புரோக்கரோடு வந்தவர்கள். அனுசுயாவுக்கு வயது பதினாறு நடந்தது. பதினெட்டு ஆகாதவர்களை வேலைக்கு வைக்கக் கூடாது என்பது பையர் சட்டம், ஆகவே கம்பெனியின் கணக்குப்படி அவள் அங்கே இல்லை. சம்பளப் பட்டியலில் இல்லாதவளுக்கு, இலவச வைத்தியத்துக்கான இ.எஸ்.ஐ. கார்டும் இல்லை. முதலில் வயிற்றுவலி என்றாள். மாத விலக்கு வலியாக இருக்கும் என்று வார்டன் மருதாள் சோடா வாங்கிக் கொடுத்தாள். பிறகு காய்ச்சல் வந்தது, தின்றதெல்லாம் வாந்தியாக வந்தது. வலி வலதுபக்க அடிவயிற்றில் போய் உட்கார்ந்துகொண்டது. மருதாள் ஒன்றும் கெட்டவள் இல்லை. மேனேஜரிடம் போய்ச் சொல்லத்தான் செய்தாள். திரும்பி வந்து மாத்திரைப் பட்டையை நீட்டினாள்.

"ஏங்கண்ணு, ஆடிட்டு முடியட்டும்னு சொல்லிப் போட்டாங்க. ஆசுபத்திரியில வயசு கேப்பாங்க, கம்பெனி பேரு கேப்பாங்க. எங்கியாச்சும் எழுதி வெச்சுட்டாங்கன்னா வம்பு. ஆடிட்டு முடிஞ்ச ஒடனே நானே கூட்டீட்டுப் போறேன்."

"அது வரைக்கும் தாங்குவாளா அக்கா?" என்று கேட்டாள் வேல்விழி.

"தாங்காம என்ன கண்ணு, எளவயசுதான."

வேல்விழி தானே லிங்கசாமியிடம் போய்க் கேட்டாள். அவர் கோபப்படவில்லை. "செரி கண்ணு, பாத்துக்கலாம்" என்றார். கேட்டுக்குப் போனால் வாட்ச்மேன் விடவில்லை. ஊருக்குப் போன் பேசுவது ஞாயிற்றுக்கிழமை, மருதாள் பக்கத்தில் நிற்க. ஆடிட்டோ ஞாயிற்றுக்கு முன்னால் வருகிறது. வேல்விழிக்கு எல்லாப் பக்கமும் அடைத்திருந்தது. அப்போதுதான் கன்னையன், எதையும் நினைத்துக்கொள்ளாமல், அவளுக்கு ஒரு கதவைக் காட்டினான்.

"ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க அம்மிணி. போன தடவ வந்த ஆடிட்டரு மேனேஜர வெளிய போவச் சொல்லீட்டுத்தானுங்க புள்ளைககிட்டப் பேசுனாரு. அவிய சட்டம் அப்படி. எதாச்சும் பிரச்சினை இருக்குதான்னு கேப்பாரு. ஒண்ணுமில்லீங்கன்னு சொல்லிப் போடுங்க, முடிஞ்சுது."

வேல்விழி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மஞ்சள் கார் குகைக்குள் உறைந்து நின்றது. மேனேஜர் இல்லாமல், வெளியிலிருந்து வந்த ஒரு மனுசன், அவளைப் பார்த்துப் பிரச்சினை இருக்கிறதா என்று கேட்கப்போகிறான். இருக்கிறது என்று சொன்னால் போதும். வேஷம் கட்டி உட்கார வைத்த நாற்காலியே அனுசுயாவைக் காப்பாற்றிவிடும்.

ஆனால் அந்த நாற்காலியில் அவள் இருக்க வேண்டுமே. ஆடிட்டுக்கு முந்தின நாள் லிங்கசாமி வந்து நின்று பார்த்தார். கார் குகைக்குள் போய் உறைந்தது. கன்னையன் அணைத்துப் போட்டான். மறுபடி உறைந்தது.

"எளவு, இத மூடி வெச்சரு. ரிப்பேருன்னு சொல்லிக்கலாம்" என்றார் லிங்கசாமி. "கேரம் வெளையாடற புள்ளைக மட்டும் இருந்தாப் போதும். நீ செக்கிங்குக்குப் போயிரு கண்ணு."

செக்கிங்கில் நிற்கிறவர்களை ஆடிட்டர் தூரத்தில் இருந்து பார்த்துக்கொண்டே போய்விடுவார். தன் குரலா என்று தனக்கே சந்தேகம் வரும்படி ஒரு குரலில் அவள் சொன்னாள்: "சார், இன்னொரு தடவ. நான் ஓட்டிக் காட்டுதேன் சார்."

அவள் ஓட்டினாள். ஒவ்வொரு படமாக வந்த அந்தப் பாதையில், அடுத்த படம் என்னவாக இருக்கும் என்று மனப்பாடமாகத் தெரிந்துவைத்திருந்தவள் ஓட்டுகிற மாதிரி ஓட்டினாள். முதல் வளைவைத் தாண்டினாள், இரண்டாவதைத் தாண்டினாள். குகை வாயில் வருவதற்குச் சற்று முன்னால் காரைத் திருப்பி, வந்த வழியே மேலே ஏற்றினாள். உறையவில்லை. மேலே போய், மறுபடி திருப்பி, மறுபடி இறங்கினாள்.

"அட, இது யோசன" என்றார் லிங்கசாமி. "அப்படியே மேல கீழ ஓட்டீட்டே இரு. குகைக்குள்ளார போயராத."

அன்று ஹாஸ்டலுக்குத் திரும்பியபோது வேல்விழி ஜெயித்தவளைப்போல நடந்தாள். அனுசுயாவின் காதருகில் குனிந்து, "நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போயிரலாம்ட்டி, நான் சொல்லப்போறேன்" என்றாள். அனுசுயா கண்ணைத் திறக்காமலே தலையாட்டினாள்.

ஆடிட் அன்று காலையில், வயது குறைந்த பெண்களை எல்லாம் வேனில் ஏற்றினார்கள். முதலாளிக்குக் கொமரலிங்கத்தில் தென்னந்தோப்பு இருந்தது. ஆடிட் நாளில் அவர்களுக்கு அங்கே பகல் முழுக்க இருப்பு. பிள்ளைகளுக்குக் குஷிதான், இளநீர் கிடைக்கும். அனுசுயாவால் வேன் படியில் காலைத் தூக்கி வைக்க முடியவில்லை. ஏற்றினால் வழியில் என்ன ஆகுமோ என்று டிரைவர் மாட்டேன் என்றுவிட்டான். ஹாஸ்டலையும் ஆடிட்டர் பார்ப்பார். கடைசியில் வெட்டுத்துண்டு மூட்டைகள் போட்டுவைக்கும் வேஸ்ட் குடோனில் அவளைப் படுக்க வைத்து, வெளியே பூட்டினார்கள்.

பூட்டுவதற்கு முன் வேல்விழி தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள். அனுசுயா மூட்டைகளின் மேல் மல்லாந்து கிடந்தாள். முகம் வெளிறியிருந்தது. ஆனால் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது.

"வேலு, வலி கொறஞ்சிருச்சுட்டி" என்றாள். "ராத்திரி பூரா உசிரு போச்சு. இப்போ சட்டுனு விட்ட மாதிரி இருக்கு."

"நெசமாவா?"

"ஆமா. ஒடம்புதான் தள்ளாடுது."

வேல்விழிக்கு உயிர் வந்தது. வலி விட்டதென்றால் நல்லதுதானே. எந்த டாக்டரிடம் கேட்டிருந்தாலும் அந்த நேரத்தில் வலி விட்டதைக் கேட்டுப் பதறியிருப்பார். வேல்விழி டாக்டர் இல்லை, பனியன் கம்பெனிப் பெண். கொஞ்சம் அவகாசம் கிடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

ஆடிட்டர் பிற்பகலில் வந்தார். இளவயது வெள்ளைக்காரர், செம்பட்டைத் தாடி. சிரித்த முகம். தமிழில் சொல்ல, கோயம்புத்தூரிலிருந்து ஒரு பெண்ணை அழைத்து வந்திருந்தார். கன்னையன் சொன்னபடியே, உள்ளே வந்ததும் லிங்கசாமியையும் கன்னையனையும் பணிவாக வெளியே போகச் சொன்னார். கதவு சாத்தப்பட்டது. கேரம் ஆடிக்கொண்டிருந்த இரண்டு பெண்களிடம் ஏதோ கேட்டார். அவர்கள் ஒப்பித்தார்கள். பிறகு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு வேல்விழியின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பயப்படாமப் பேசலாம். நீங்க சொல்றத மேனேஜர்கிட்ட யாரும் சொல்ல மாட்டாங்க. உங்களுக்கு இங்க ஏதாவது பிரச்சினை இருக்கான்னு கேக்குறார்" என்றாள் அந்தப் பெண்.

கேட்டேவிட்டார். அங்கேதான் அவளுக்குப் புத்தி தடுமாறியது. அதைத் தடுமாற்றம் என்று சொல்வதுகூடத் தப்பு. அது அவள் லைனில் கற்றுக்கொண்ட பாடம். தையல் லைனில் யாரும் சூப்பர்வைசரிடம் நேராகப் போய் லீவு கேட்பதில்லை. கேட்டவளுக்குக் கிடைத்ததும் இல்லை. முதலில் ஊசி மழுங்கிவிட்டது என்றோ நூல் அறுகிறது என்றோ ஒரு சின்னக் குறை சொல்ல வேண்டும். அவர் வந்து பார்த்துச் சரிசெய்து கொடுப்பார். ஒரு உதவி செய்துவிட்ட மனுசனுக்கு மனசு கொஞ்சம் இளகியிருக்கும். அந்தச் சூட்டோடு, "அண்ணே, அப்படியே நாளைக்கு ஒரு நாள்" என்று ஆரம்பிக்க வேண்டும். பெரிசை எடுத்ததும் நீட்டினால் கை தட்டிவிடப்படும். இதைத் தவிர வேறு விதமாகப் பெரிய மனுசர்களிடம் ஒன்றைக் கேட்க வேல்விழிக்குத் தெரியாது.

"இருக்கு சார்" என்றாள். "இந்த கேமு குகைக்குள்ள போனா நின்னுருது சார்."

அந்தப் பெண் அதைச் சொன்னதும் ஆடிட்டரின் முகம் மலர்ந்த மலர்ச்சி இருக்கிறதே! காலையிலிருந்து கக்கூஸ்களையும் தீயணைப்பு உருளைகளையும் எண்ணிக்கொண்டு, யாரைக் கேட்டாலும் ஒரு பிரச்சினையும் இல்லை என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போன மனுசன். அவருக்கு முதல்முறையாக ஒரு நிஜமான பிரச்சினை கிடைத்திருக்கிறது. அதுவும் அவருக்குத் தெரிந்த பிரச்சினை. திரையைக் குனிந்து பார்த்தார். என்னவோ கேட்டுவிட்டு, தன் பையிலிருந்த மடிக்கணினியை எடுத்துக் காட்டினார்.

"இது லினக்ஸ்தானேன்னு கேக்குறார். அவரும் வீட்டுல இதத்தான் வெச்சிருக்காராம். அவருக்கும் கேம் எல்லாம் இப்படித்தான் படுத்துமாம். பாத்துடலாம்ங்குறார்."

"சரி சார், சின்னதுதான்" என்றாள் வேல்விழி. "அதப் பாத்துட்டு இன்னொண்ணு..."

ஆனால் அவர் அதற்குள் அவளை எழுப்பிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கன்னையனை உள்ளே கூப்பிட்டார்கள். திரை கறுத்தது. கறுப்பில் வெள்ளை எழுத்துகள் ஓடின. அவர் விரல்கள் படபடவென்று தட்டின. கன்னையன் கண் விரியப் பார்த்தான். இத்தனை நாளும் அவனை அலைக்கழித்த பூதத்தை ஒருவர் பெயர் சொல்லி அழைத்துப் பேசிக்கொண்டிருக்கிறார். முதல் தடவை சரியாகவில்லை. ஆடிட்டர் உதட்டைக் கடித்தார். மறுபடி தட்டினார். கம்ப்யூட்டர் அணைந்து எழுந்தது. அதுவும் சரியாகவில்லை. அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். விட்டுக்கொடுக்கிற ஜாதி இல்லை என்பது தெரிந்தது. வேல்விழி அவருடைய முதுகுக்குப் பின்னால் நின்று, கையைப் பிசைந்துகொண்டு, சரியாகிவிடட்டும், சீக்கிரம் சரியாகிவிடட்டும், அப்புறம் சொல்லிவிடலாம் என்று காத்திருந்தாள்.

வெகுநேரம் ஆகிறதே என்று டீயோடு லிங்கசாமியும் உள்ளே வந்தார். அவரை வெளியே போகச் சொல்லவேண்டும் என்பதே ஆடிட்டருக்கு மறந்துபோயிருந்தது. ஒரு கையில் டீயை வாங்கி வைத்தபடி, கன்னையனிடம் ஏதோ ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினார். அங்கே இருபத்துநான்கு என்றிருந்ததை அழித்துப் பதினாறு என்று அடித்தார். அவ்வளவுதான். இந்தப் பழைய கம்ப்யூட்டருக்கு அத்தனை நிறங்களைத் தாங்கத் தெம்பில்லையாம், நிறத்தைக் குறைத்துவிட்டால் டிரைவர் சேர்ந்துவிடுமாம்.

கம்ப்யூட்டர் எழுந்தது. ஆடிட்டர் எழுந்து, வேல்விழியை உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார். அவள் உட்கார்ந்தாள். பொத்தானை அமுக்கினாள்.

கார் பறந்தது. படம் படமாக இல்லை, தண்ணீர் ஓடுகிற மாதிரி ஓடியது. வளைவுகள் வழுக்கிக்கொண்டு போயின. பழக்கத்தில் குகை வாயிலில் அவள் கை திருப்பப் போனது. "கோ, கோ" என்றார் ஆடிட்டர். அவள் உள்ளே விட்டாள். இருட்டாக இருந்தது, அடுத்த நொடியே வெளிச்சம் வந்தது. குகைக்கு அந்தப் பக்கம் கடல் இருந்தது. திரை முழுக்க நீலக் கடல், ஓரத்தில் ஒரு சாலை, அதில் அவளுடைய மஞ்சள் கார். கேரம் பெண்கள் ஓடிவந்து பார்த்தார்கள். கன்னையன் கை தட்டினான். ஆடிட்டரும் தட்டினார். லிங்கசாமியும் தட்டினார். வேல்விழி வாய்விட்டுச் சிரித்தாள். அந்த நேரத்தில் அவளுக்கு அனுசுயாவின் நினைவு இல்லை. அதுதான் பின்னால் அவளைத் தூங்கவிடாமல் அடித்தது. மறந்தது கொஞ்ச நேரம்தான். ஆனாலும் மறந்தாள்.

நினைவு வந்து திரும்பியபோது ஆடிட்டர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தார். இன்னும் சாயப்பட்டறைப் பக்கம் பார்க்க வேண்டும், விமானத்துக்கு நேரமாகிறது என்று அந்தப் பெண் அவசரப்படுத்தினாள்.

"சார்" என்றாள் வேல்விழி.

அவர் திரும்பினார். அவர் தோளுக்குப் பக்கத்தில் லிங்கசாமியின் முகம் இருந்தது. அதில் சிரிப்பு அப்படியே இருந்தது, கண் மட்டும் அவளைப் பார்த்தது.

"தேங்க்ஸ் சார்" என்றாள்.

அவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனார்.

ஆடிட்டரின் கார் கேட்டைத் தாண்டிய பிறகுதான் குடோனைத் திறந்தார்கள். மருதாள் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள், அவளேதான் கூட்டிக்கொண்டு போனாள். அனுசுயாவின் வயிறு பலகையாக இறுகிக் கிடந்தது. ஆட்டோவில் ஏற்றும்போது அவளுக்கு நினைவில்லை. குடல்வால் வெடித்து அரை நாளாவது ஆகியிருக்கும், இத்தனை நேரம் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று அரசு ஆஸ்பத்திரி டாக்டர் கத்தினாராம். மறுநாள் அனுசுயா செத்துப்போனாள். உறவுக்காரர்கள் வீட்டுக்கு வந்த இடத்தில் காய்ச்சல் கண்டது என்று ஆஸ்பத்திரியில் எழுதிக்கொடுத்து, உடலைக் கம்பெனி வேனிலேயே ஊருக்கு அனுப்பினார்கள். உடலை வாங்கிப்போக வந்த அவளுடைய அப்பா கம்பெனி வாசலில் லிங்கசாமியின் கையைப் பிடித்துக்கொண்டு, இவ்வளவு தூரம் பார்த்துக்கொண்டதற்கு நன்றி சொன்னார். வேல்விழி அதை ஜன்னலிலிருந்து பார்த்தாள். கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தவில்லை. தன்மேலேயே காறித் துப்பிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

ஆடிட் ரிப்போர்ட் பிரமாதமாக வந்தது. பொழுதுபோக்கு அறையைப் பாராட்டி எழுதியிருந்தார். ஒரே ஒரு குறை: கம்ப்யூட்டர் பழையது, புதிதாக மாற்றினால் தொழிலாளர்கள் தடையின்றி விளையாடலாம். தொழிலாளி ஒருவர் தைரியமாகத் தன் குறையைச் சொன்னதை நல்ல அறிகுறி என்று குறிப்பிட்டிருந்தார். லிங்கசாமி புதுக் கம்ப்யூட்டர் வாங்கி வைத்தார். அறையை ஞாயிற்றுக்கிழமைகளில் திறந்தும் விட்டார். வேல்விழி உள்ளே போகவில்லை. ஊருக்குப் போய்விடலாம் என்றுதான் முதலில் நினைத்தாள். கன்னையன் ஒரு நாள் செக்கிங் டேபிளுக்கு வந்து, தலையைக் குனிந்துகொண்டு, "அந்தப் புள்ள சங்கதி எனக்குப் பொறகுதானுங்க தெரியும் அம்மிணி" என்றான். போகும்போது சொன்னான்: "எழுதுன கொறை சரியாச்சான்னு பாக்க அவரே மறுக்கா வருவாருங்க. கொறை சொன்ன ஆளத்தான் கேப்பாரு."

அதற்காக வேல்விழி இருந்தாள். செக்கிங் டேபிளில் பனியனை விரித்து ஓட்டை தேடும்போதெல்லாம், இந்தத் தடவை சொல்லவேண்டியதை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் ஊசியும் இல்லை, நூலும் இல்லை.

அவர் வந்தார். அதே தாடி, அதே சிரிப்பு. அவளைப் பார்த்ததும் பழைய சிநேகிதியைப் பார்த்தவர்போலக் கை குலுக்கினார். லிங்கசாமி வெளியே போனார். கதவு சாத்தப்பட்டது. புதுக் கம்ப்யூட்டரில் மஞ்சள் காரை அவரே ஓட்டிப் பார்த்தார், குகையைத் தாண்டிக் கடலோரம் கொண்டுபோய் நிறுத்தினார்.

"போன தடவ நீங்க சொன்ன பிரச்சினை தீந்துடுச்சான்னு கேக்குறார்" என்றாள் அந்தக் கோயம்புத்தூர்ப் பெண்.

"அது பிரச்சினையே இல்ல சார்" என்றாள் வேல்விழி. "எங்க ஊர்ப்புள்ள அனுசுயா அன்னைக்கு வேஸ்ட் குடோன்ல கெடந்தா. வயித்துவலி. பதினாறு வயசு. நீங்க பாத்துரக் கூடாதுன்னு உள்ள போட்டுப் பூட்டி வெச்சிருந்தாங்க. மறுநா செத்துப் போயிட்டா."

அந்தப் பெண் அதைச் சொல்லச் சொல்ல ஆடிட்டரின் முகத்திலிருந்த சிரிப்பு போனது. மெதுவாக ஒன்று கேட்டார். அந்தப் பெண் தயங்கித் தயங்கி அதைத் தமிழில் சொன்னாள்.

"நான் அன்னைக்கு இந்த ரூம்லதான இருந்தேன், உங்க பக்கத்துல. அப்பவே ஏன் எங்கிட்ட சொல்லலன்னு கேக்குறார்."

வேல்விழி அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவர்மேல் அவளுக்குக் கோபம் இல்லை. இருந்த கோபம் எல்லாம் தன்மேல்தான். ஆனால் கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டுமே.

"அன்னைக்கு நீங்க கேம சரி பண்ணிக்கிட்டு இருந்தீங்க சார்" என்றாள்.

அந்தப் பெண் அதை இங்கிலீஷில் சொன்னாள். குறைக்காமல்தான் சொன்னாள் என்பது அவருடைய முகத்தைப் பார்த்து வேல்விழிக்குத் தெரிந்தது.